மிதித்தால் பிடிக்கிறது, காலை எடுத்தால் விடமாட்டேன் என்கிறது

எங்கள் வீட்டில் இருப்பது 1999 மாடல் மாருதி 800. அப்பா வாங்கியது, சேலத்தை விட்டு அதிகம் வெளியே போனதில்லை. இப்போது அக்காதான் ஓட்டுகிறாள், வீட்டிலிருந்து அவள் வேலை பார்க்கும் பள்ளிக்கு, போக 11 கிலோமீட்டர், வர 11 கிலோமீட்டர். இந்த வண்டிக்கு ஏதோ ஆகிவிட்டது என்று முதலில் கண்டுபிடித்தவளும் அவள்தான். "டேய், நம்ம வாசல் சரிவுல நியூட்ரல்ல விட்டா தானா இறங்கும்ல, ரெண்டு நாளா இறங்க மாட்டேங்குது" என்றாள். டயரில் காற்று குறைந்திருக்கும், பங்கில் அடித்துக்கொள் என்று சொல்லிவிட்டு நான் என் வேலையைப் பார்க்கப் போய்விட்டேன். அந்த ஒரு வாக்கியத்திலேயே பிரேக்கின் முழு நோயும் இருந்தது. அன்றைக்கே காது கொடுத்துக் கேட்டிருந்தால் ஏற்காட்டில் நடந்தது நடந்திருக்காது.

ஏற்காட்டுக்குச் சேலம் பக்கமிருந்து ஏறும் பாதையில் 20 கொண்டை ஊசி வளைவுகள். ஏறும்போது ஒன்றும் தெரியவில்லை, வண்டி கொஞ்சம் மந்தமாக ஏறுகிறது, 796 சிசி இன்ஜின், நாலு பேர், அவ்வளவுதானே என்று நினைத்துக்கொண்டோம். இறங்கும்போது பாதி வழியில் பிரேக் பெடல் பஞ்சு மாதிரி உள்ளே போக ஆரம்பித்தது. வழக்கமாகப் பிடிக்கும் இடத்தைத் தாண்டி இன்னும் இரண்டு விரற்கடை கீழே. அக்கா பயப்படாமல் கியரை இரண்டில் இருந்து ஒன்றுக்கு மாற்றி, ஹேண்ட் பிரேக்கைக் கொஞ்சம் கொஞ்சமாக இழுத்து, மலைப்பக்கம் ஒட்டி நிறுத்தினாள். இறங்கிப் பார்த்தால் வலது முன் சக்கரத்திலிருந்து மெல்லிய புகை, கருகின வாடை, வீல் கேப்பின் பிளாஸ்டிக் ஓரம் இளகி வளைந்திருந்தது. இடது சக்கரம் சாதாரணச் சூட்டில் இருந்தது. யாரோ ஒருவர் பாட்டில் தண்ணீரை ஊற்ற வந்தார், வேண்டாங்க என்று தடுத்தேன். அவ்வளவு சூட்டில் இருக்கும், சக்கரத்தோடு சுற்றுகிற இரும்பு டிஸ்க்கில் பச்சைத் தண்ணீர் பட்டால் டிஸ்க் கோணிவிடும், விரிசலும் விடும். முக்கால் மணி நேரம் அங்கேயே நின்று ஆறவிட்டுத்தான் இறங்கினோம்.

பெடல் ஏன் உள்ளே போனது என்று புரிந்துகொள்வது முக்கியம். பிரேக் ஆயில் காற்றிலுள்ள ஈரத்தைக் குடித்துக்கொண்டே இருக்கும். டாட் 3 வகை ஆயில் புதிதாக இருக்கும்போது குறைந்தது 205 டிகிரி வரை கொதிக்காமல் தாங்க வேண்டும் என்பது விதி. அதில் 3.7 சதவீதம் தண்ணீர் கலந்துவிட்டால் அந்தக் கணக்கு 140 டிகிரியாக இறங்கிவிடும். டாட் 4க்கு இதே கணக்கு 230, 155. எங்கள் வண்டியில் ஆயிலை மாற்றி எத்தனை வருடம் ஆனது என்று யாருக்கும் ஞாபகம் இல்லை. ஒட்டிக்கொண்டே சுற்றும் பிரேக் சக்கரத்தை அடுப்பாக்கிவிடுகிறது, காலிப்பருக்குள் (பிஸ்டனால் பேட்டைத் தள்ளி டிஸ்க்கை இரு பக்கமும் கவ்வுகிற பாகம்) ஆயில் கொதித்து ஆவிக் குமிழ் உண்டாகிறது, ஆயிலை அமுக்க முடியாது, ஆவியை அமுக்க முடியும், நீங்கள் மிதிப்பதெல்லாம் அந்தக் குமிழை நசுக்குவதற்கே போய்விடுகிறது. பிரேக் பிடிக்காத வண்டியைக் கண்டால் எல்லோரும் பயப்படுகிறோம், பிரேக் விடாத வண்டியை மைலேஜ் பிரச்சினை என்று நினைக்கிறோம். மலையில் இரண்டும் ஒரே இடத்தில்தான் போய் முடியும்.

ஊருக்கு வந்ததும் ஒரு ஒர்க்‌ஷாப்பில் விட்டோம். பேட் மாற்ற வேண்டும் என்றார்கள், மாற்றினார்கள், டிஸ்க்கையும் கடைசலுக்குக் கொடுத்து வாங்கிப் போட்டார்கள். பத்து நாள் நன்றாக ஓடியது. மறுபடி அதே வாடை. இன்னொரு இடத்தில் காலிப்பரைக் கழற்றி ரப்பர் கிட் போட்டார்கள், பிஸ்டனைத் துடைத்து மாட்டினார்கள். இரண்டு வாரம். மறுபடியும். இரண்டு இடத்திலும் வேலையில் குறை சொல்ல மாட்டேன், கிட் சுத்தமாகப் போட்டிருந்தார்கள். ஆனால் இரண்டு பேருமே ஒரு கேள்வியைக் கேட்கவில்லை. சக்கரம் இறுகி நிற்கும் அந்த நேரத்தில், அதை இறுக்கிப் பிடித்திருப்பது ஆயிலின் அழுத்தமா, இல்லை துருவா? இந்தக் கேள்விக்குப் பதில் தெரியாமல் என்ன சாமான் மாற்றினாலும் அது குருட்டாம்போக்குதான். பதில் தெரிந்துகொள்ள ஒரு பைசா செலவில்லை என்பதுதான் எனக்கு இன்னும் ஆறவில்லை.

அதற்கு முன்னால் டிஸ்க் பிரேக் எப்படி விடுகிறது என்று கொஞ்சம் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் நானே இதைத் தப்பாகத்தான் புரிந்து வைத்திருந்தேன். டிரம் பிரேக்கில் ஷூவைப் பின்னுக்கு இழுக்க ஸ்பிரிங் இருக்கிறது. இந்த மாதிரி டிஸ்க் பிரேக்கில் பிஸ்டனைப் பின்னுக்கு இழுக்க ஸ்பிரிங் எதுவும் கிடையாது. பிஸ்டனைச் சுற்றி ஒரு சதுர வெட்டு ரப்பர் சீல் உட்கார்ந்திருக்கும். மிதிக்கும்போது பிஸ்டன் முன்னால் நகரும், சீல் அதனோடு ஒட்டிக்கொண்டு லேசாக முறுக்கிக்கொள்ளும். காலை எடுத்ததும் அந்த முறுக்கு நிமிர்கிறது, நிமிரும்போது பிஸ்டனை ஒரு மில்லிமீட்டரில் சின்னப் பங்கு பின்னுக்கு இழுத்துவிடுகிறது. அவ்வளவுதான். மிதிக்கும்போது உங்கள் காலின் பலம், பெடலின் நெம்புகோல், மிதியின் பலத்தைக் கூட்டுகிற பூஸ்டர் எல்லாம் சேர்ந்து லைனில் 70 பாருக்கு மேல்கூடப் போகலாம் (டயரில் அடிக்கிற காற்று சுமார் 2 பார்தான், ஒப்பிட்டுக்கொள்ளுங்கள்). திரும்பி வருவதற்கு இருக்கிற பலம் ஒரு ரப்பர் வளையம் நிமிர்கிற பலம் மட்டும். அதனால்தான் வழியில் ஒரு சின்ன அடைப்பு இருந்தாலும் போகிற ஆயில் போய்விடும், வருகிற ஆயில் நின்றுவிடும்.

ஞாயிற்றுக்கிழமை காலையில் நானும் அக்காவும் உட்கார்ந்தோம். முதலில் எந்தச் சக்கரம் என்று உறுதி செய்ய ஓமலூர் வரை ஒரு ஓட்டு ஓட்டிவிட்டு வந்தோம், முடிந்தவரை பிரேக்கைத் தொடாமல். நிறுத்தியதும் நாலு சக்கரத்தின் நடுவிலும் ஒரு சொட்டுத் தண்ணீர். கையை வைத்துப் பார்க்காதீர்கள், தோல் ஒட்டிக்கொள்ளும். வலது முன் சக்கரத்தில் மட்டும் சுர்ரென்று ஆவியானது. இங்கே ஒப்பிட வேண்டியது இடதையும் வலதையும்தான். முன்னையும் பின்னையும் ஒப்பிட்டால் குழம்பிவிடுவோம், முன் பிரேக்குகள் எப்போதுமே அதிகம் வேலை செய்கிறவை, எப்போதும் சூடாகத்தான் இருக்கும்.

அப்புறம் ஜாக்கி. சமதளம், பின் சக்கரத்துக்கு முன்னும் பின்னும் கல், கழற்றின ஸ்டெப்னியை வண்டிக்கு அடியில் படுக்கப் போட்டோம், ஜாக்கி நழுவினால் வண்டி அதன் மேல் உட்காரும், ஆள் மேல் உட்காராது. கியர் நியூட்ரல். வலது சக்கரத்தைச் சுற்றினேன், கொஞ்சம் உரசலோடு சுற்றியது. பேட் லேசாக உரசுவது சகஜம், காதில் 'ஸ்ஸ்' என்று கேட்கும், கைக்குக் கனம் தெரியக் கூடாது.

"அக்கா, மிதி."

மிதித்தாள்.

"விடு."

சக்கரத்தைப் பிடித்துச் சுற்றினேன். அசையவில்லை. இரண்டு கையாலும் டயரைப் பிடித்து உந்தினால் கால்வட்டம் நகர்ந்து நின்றது. இறுகிவிட்டது. இத்தனை நாளாக ஒர்க்‌ஷாப்பில் வண்டி ஆறினபிறகு பார்த்ததால் யார் கண்ணிலும் படாத அந்த நோய், இப்போது என் கைக்குள் இருக்கிறது. இந்த நிலையில்தான் சோதனை செய்ய வேண்டும், சூடு ஆறினால் தானாக விட்டுவிடும், அப்புறம் ஒன்றும் தெரியாது.

காலிப்பரின் பின்பக்கம் ஏர் எடுக்கிற (லைனில் மாட்டின காற்றை வெளியேற்றுகிற) நிப்பிளில் ஒரு சின்ன பிளாஸ்டிக் டியூப் மாட்டி, மறுமுனையைப் பாட்டிலில் விட்டு, ஸ்பேனரால் கால் சுற்று திருப்பினேன். ஆயில் விருட்டென்று பீய்ச்சியது, டீத்தூள் தண்ணீர் நிறத்தில். பெடலில் யார் காலும் இல்லை, ஆனாலும் பீய்ச்சியது. அதே நொடியில் காலிப்பருக்குள் 'டக்' என்று ஒரு சத்தம், இடது கையில் பிடித்திருந்த டயர் தானாகத் தளர்ந்தது. சுற்றிவிட்டேன், சுற்றியது. அக்கா வண்டிக்குள் இருந்து தலையை நீட்டி "என்னடா ஆச்சு" என்றாள். எழுந்து போய் அவளையும் கூப்பிட்டு வந்து சுற்றிப் பார்க்கச் சொன்னேன்.

இதுதான் முதல் பதில். நிப்பிளைத் திறந்ததும் சக்கரம் விட்டுவிட்டால், இறுக்கிப் பிடித்திருந்தது சிறைப்பட்ட ஆயில் அழுத்தம். காலிப்பர் நல்லவன், குற்றவாளி அதற்கு மேலே எங்கோ இருக்கிறான். திறந்தும் விடவில்லை என்றால், ஆயில் பீய்ச்சாமல் சும்மா சொட்டினால், காலிப்பரிலேயே துரு: பிஸ்டன் சிக்கியிருக்கலாம், காலிப்பர் நகர்வதற்கான சிலைடு பின் காய்ந்து இறுகியிருக்கலாம், பேட்டின் காது தாங்கியில் துருவோடு பிடித்துக்கொண்டிருக்கலாம். எங்களுடையது முதல் வகை. இரண்டு ஒர்க்‌ஷாப்பும் சரி செய்தது இரண்டாம் வகையை. ஆனாலும் ஏன் பத்து நாள், இரண்டு வாரம் ஓடியது என்றால், இரண்டு முறையும் லைனைத் திறந்து ஏர் எடுத்தார்கள், அழுத்தம் இறங்கியது, அடைப்பைத் தாண்டி ஆயில் புதிதாக ஓடியது, நோய் கொஞ்ச நாள் ஒளிந்துகொண்டது.

இரண்டாவது கேள்வி, மேலே என்றால் எங்கே? காலிப்பருக்கும் இரும்புப் பைப்புக்கும் நடுவே ஒரு ரப்பர் ஹோஸ் இருக்கிறது, அதற்கு மேலே பைப், அதற்கு மேலே, பெடலை மிதித்ததும் ஆயிலை அழுத்தி அனுப்புகிற மாஸ்டர் சிலிண்டர். மறுபடி அக்காவை மிதித்து விடச் சொன்னேன், சக்கரம் மறுபடி இறுகியது. இந்த முறை நிப்பிளைத் தொடவில்லை. ஹோஸும் பைப்பும் சேருகிற இடத்தில் இருக்கிற 10ஆம் நம்பர் நட்டை லேசாகத் தளர்த்தினேன். (சாதா ஸ்பேனர் போட்டால் முனை மழுங்கிவிடும், பைப் நட்டுக்கென்றே வாய் மூடின ஸ்பேனர் உண்டு, அதைக் கடன் வாங்கியாவது போடுங்கள்.) நாலு சொட்டு கசிந்தது. சக்கரம் விடவில்லை. அப்படியானால் நட்டுக்கு மேலே அழுத்தம் இல்லை, நட்டுக்குக் கீழே இருக்கிறது. கீழே இருப்பது ஹோஸ் மட்டும்தான். மேலே திறந்ததும் விட்டிருந்தால் மாஸ்டர் சிலிண்டர் பக்கம் போயிருப்பேன்.

புது ஹோஸ் சில நூறு ரூபாய். ஸ்பேர் கடையில் கேட்டதும் எடுத்துக் கொடுத்தார்கள். இந்த வண்டி 1983 டிசம்பரில் வந்து 2014 ஜனவரி வரை தயாரானது, அதனால் சாமானுக்கு இன்னும் பஞ்சமில்லை. வலதுக்கு மட்டும் வாங்காமல் இரண்டு பக்கமும் வாங்கினேன், இரண்டுக்கும் ஒரே வயது.

பழைய ஹோஸை வெளியே கழற்றி வைத்துப் பார்த்தால் எந்தக் குறையும் தெரியவில்லை. வெடிப்பு இல்லை, வீக்கம் இல்லை, கசிவு இல்லை. வாயை வைத்து ஊதினேன், காற்று போனது போலத்தான் இருந்தது. பிளேடால் நீளவாக்கில் கீறிப் பிரித்தபோதுதான் தெரிந்தது: உள் ரப்பர் ஒரு இடத்தில் நெல்லுமணி அளவுக்கு உரிந்து, ஒரு முனை மட்டும் ஒட்டிக்கொண்டு, நாக்கு மாதிரி காலிப்பர் இருந்த பக்கம் பார்த்துப் படுத்திருந்தது. விரல் நகத்தால் மாஸ்டர் சிலிண்டர் பக்கமிருந்து தள்ளினால் சுவரோடு ஒட்டிப் படுக்கிறது, மறுபக்கமிருந்து தள்ளினால் எழுந்து நின்று துவாரத்தை மூடுகிறது. போக விடும், வர விடாது. யாரோ திட்டமிட்டு வைத்த வால்வு மாதிரி. அதைச் சுற்றிக் கறுப்பாகக் கஞ்சி மாதிரி ரப்பர் தூள்.

இந்த உரிசல் வயசால் வருவது. ஆனால் நாமும் கூட்டுச் சேர்கிறோம். பேட் மாற்றும்போது காலிப்பரைக் கழற்றி ஹோஸிலேயே தொங்கவிடுவார்கள், பார்த்திருப்பீர்கள். அது கனமான இரும்பு, அந்தக் கனத்தை இழுத்துப் பிடிப்பதற்காகச் செய்த குழாய் அல்ல அது. ஒரு துண்டுக் கம்பியால் மேலே கட்டிவைக்க அரை நிமிடம் போதும். ஆயில் வடியாமல் இருக்க ஹோஸை பிளையரால் நசுக்கிப் பிடிப்பதும் அப்படித்தான், வெளியே தழும்பு தெரியாது, உள்ளே கிழிந்துவிடும். உங்கள் வண்டியை யாரிடம் விட்டாலும் இந்த இரண்டை மட்டும் பக்கத்தில் நின்று, "அண்ணே, கம்பியில கட்டிடுங்க" என்று வாய்விட்டுச் சொல்லுங்கள். கோபித்துக்கொள்ள மாட்டார்கள்.

எல்லா வண்டிக்கும் ஹோஸ்தான் காரணம் என்று சொல்லவில்லை. என் மாமா வீட்டில் ஒரு பழைய அம்பாசிடர் இருந்தது, காலையில் ஜோராகக் கிளம்பும், பத்துப் பதினைந்து கிலோமீட்டர் போனதும் நாலு சக்கரமும் சேர்ந்து பிடிக்க ஆரம்பித்துவிடும், ஒரு கட்டத்தில் முதல் கியரிலேயே திணறும். ஓரமாக நிறுத்தி ஒரு டீ குடித்துவிட்டு வந்தால் சரியாகிவிடும். ஒரு சக்கரம் என்றால் அந்தச் சக்கரத்தில் தேட வேண்டும், எல்லாம் சேர்ந்து என்றால் எல்லாவற்றுக்கும் பொதுவான இடத்தில், அதாவது பெடலிலோ மாஸ்டர் சிலிண்டரிலோதான் தேட வேண்டும். முன்சக்கர இழுவை வண்டிகள் பெரும்பாலானவற்றில் ஒரு லைன் ஒரு முன் சக்கரத்துக்கும் அதற்குக் குறுக்கே இருக்கிற பின் சக்கரத்துக்கும் போகும், அதனால் குறுக்கும் மறுக்குமாக இரண்டு மட்டும் சூடானாலும் மாஸ்டர் சிலிண்டர் மேல் ஒரு கண் வைக்கலாம். மாஸ்டர் சிலிண்டருக்குள் ஊசிமுனை அளவுக்கு ஒரு துவாரம் இருக்கிறது, பெடல் முழுசாக மேலே வந்தால்தான் அது திறக்கும், ஓட ஓட ஆயில் சூடாகி விரியும்போது மிச்சம் அதன் வழியாகத்தான் மேலே இருக்கிற ஆயில் டப்பாவுக்குத் திரும்பும். அது மூடியே கிடந்தால் விரிகிற ஆயிலுக்குப் போக்கிடம் இல்லை, யாரும் மிதிக்காமலேயே பிரேக் தன்னைத் தானே மிதித்துக்கொள்ளும். மாமா வண்டியில் யாரோ மாஸ்டர் சிலிண்டர் டப்பாவில் இன்ஜின் ஆயிலை ஊற்றியிருந்தார்கள். பிரேக் ரப்பருக்கு இன்ஜின் ஆயில் மாதிரி மினரல் ஆயில் விஷம், ஊறி உப்பிவிடும். உப்பின ரப்பர் கப் அந்தத் துவாரத்தை அடைத்துவிட்டது. மாஸ்டர் சிலிண்டர், வீல் சிலிண்டர்கள், ஹோஸ் என்று ரப்பர் இருக்கிற எல்லாவற்றையும் மாற்ற வேண்டியதாயிற்று, ஒரு டம்ளர் தப்பான ஆயிலுக்கு.

அவ்வளவு பெரிய விஷயமாகவும் இருக்க வேண்டியதில்லை. பெடலுக்கு அடியில் தடித்த மேட் மடங்கிக் கிடக்கிறதா, விரலால் அமுக்கினால் பெடலில் சில மில்லிமீட்டராவது சும்மா ஆடுகிற ப்ளே இருக்கிறதா, பின்னால் பிரேக் லைட் அணையாமல் எரிகிறதா என்று முதலில் பாருங்கள். பிரேக் லைட் சுவிட்சை அதிகமாக முன்னால் தள்ளி மாட்டிவிட்டால் அது பெடலை முழுசாக மேலே வரவிடாது. பூஸ்டர் இருக்கிற வண்டியில், பிடித்து நிற்கும்போது மாஸ்டர் சிலிண்டரின் இரண்டு நட்டையும் தளர்த்தி முன்னுக்கு இழுத்தால் சக்கரம் விடுகிறது என்றால், பூஸ்டரின் தள்ளுகோல் நீளமாக வைக்கப்பட்டிருக்கிறது என்று அர்த்தம்.

பின் டிரம் வேறு கதை. மழைக்காலத்தில் ஹேண்ட் பிரேக்கை இழுத்துவிட்டு ஒரு வாரம் நிறுத்தினால் ஷூ டிரம்மோடு துருப்பிடித்து ஒட்டிக்கொள்ளும், கிளம்பும்போது 'டமார்' என்று விட்டு வரும். ஹேண்ட் பிரேக் கேபிளின் உறைக்குள் தண்ணீர் இறங்கித் துருவேறினால் லீவரை இறக்கினாலும் கேபிள் திரும்பாது. அடியில் படுத்து, ஷூவின் லீவர் முழுசாகத் திரும்பியிருக்கிறதா என்று பார்த்தால் தெரிந்துவிடும். நாள்கணக்கில் நிறுத்தி வைக்கிற வண்டிக்கு ஹேண்ட் பிரேக் வேண்டாம், கியரில் போட்டு, சக்கரத்துக்குக் கல் வையுங்கள்.

காலிப்பர்தான் சிக்கியிருக்கிறது என்றால் கழற்றின பேட்டைத் தூக்கிப் போடாதீர்கள், அதைப் படித்துப் பார்க்கலாம். உள் பேட் தேய்ந்து வெளிப் பேட் தடியாக இருந்தால் சிலைடு பின் நகரவில்லை, அல்லது பிஸ்டன் திரும்பவில்லை. ஒரே பேட் ஒரு முனையில் ஆப்பு மாதிரி தேய்ந்திருந்தால் இரண்டு சிலைடு பின்னில் ஒன்று மட்டும் இறுகியிருக்கிறது. சிலைடு பின்னுக்கு வீல் பேரிங்கில் போடுகிற சாதாரண கிரீஸைப் பூசாதீர்கள், ரப்பரை உப்ப வைக்கும், ஆறு மாதத்தில் பழைய நிலைமையை விட மோசமாகும். பிரேக்குக்கென்றே சிலிகான் கிரீஸ் சின்னப் பாக்கெட்டில் கிடைக்கிறது. அதே போல ரப்பர் கப்பை மண்ணெண்ணெயிலோ பெட்ரோலிலோ கழுவவே கூடாது, புது பிரேக் ஆயிலில் கழுவினால் போதும். பிஸ்டனில் முலாம் உரிந்து புள்ளி புள்ளியாகத் துரு இருந்தால் உப்புத்தாள் போட்டுத் தேய்த்து மாட்டுவது வேலைக்காகாது, பிஸ்டனையே மாற்றிவிடுங்கள்.

எங்கள் வண்டிக்கு வருகிறேன். இரண்டு ஹோஸும் மாட்டி, பழைய ஆயிலை முழுக்க வெளியே தள்ளி, நாலு சக்கரத்திலும் ஏர் எடுத்தோம். அக்கா மிதிக்க, நான் திறக்க, மூடினபிறகுதான் அவள் காலை எடுக்க வேண்டும், இந்தத் தாளம் தப்பினால் காற்று உள்ளே போகும். முதலில் டீ நிறம், அப்புறம் எண்ணெய் நிறம், கடைசியில் தண்ணீர் போலத் தெளிவு. மட்கார்டில் சிந்தின ஆயிலை உடனே தண்ணீர் ஊற்றிக் கழுவினோம், விட்டால் பெயின்ட்டைத் தின்றுவிடும். மறுபடி ஓமலூர் வரை ஓட்டிவிட்டு வந்து தண்ணீர் சொட்டினால், இரண்டு பக்கமும் சொட்டு அப்படியே வழிந்து இறங்கியது. மிதித்து விட்டதும் சக்கரத்தைச் சுற்றிப் பார்த்தோம், ஆறு முறை, சந்தேகம் தீராமல் இன்னும் நாலு முறை.

மாஸ்டர் சிலிண்டர் மூடி மேல் அன்றைய தேதியை மார்க்கரால் எழுதினேன், இரண்டு வருடம் கழித்து வருகிற தேதியை அதற்குக் கீழே அக்கா எழுதினாள். மறுநாள் காலையில் பள்ளிக்குக் கிளம்பும்போது அவள் இன்ஜினை ஸ்டார்ட் செய்யாமல் ஹேண்ட் பிரேக்கை மட்டும் இறக்கினாள். வண்டி வாசல் சரிவில் தானாக இறங்கித் தெருவுக்கு வந்து நின்றது.